பாலத்துக்கு டிக்கெட் கிடையாது

கேள்வி: வாஷிங்டன் பக்கம் வசிக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவின் நியூ ரிவர் கார்ஜ் பாலத்துக்கு அழைத்துப்போக ஆசை. ஒரு டிராவல்ஸ்காரர் 'நுழைவு டிக்கெட், பாலத்தில் நடக்க பெர்மிட்' என்று தனியாகப் பணம் கேட்கிறார். கட்டலாமா? அம்மாவுக்கு மூட்டுவலி.

பதில்: கட்டாதீர்கள். பாலம் இருக்கும் பள்ளத்தாக்குப் பகுதி 2020 கடைசியில் தேசியப் பூங்காவாக ஆனது. ஆனாலும் உள்ளே போகக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்தவும் கிடையாது. இல்லாத டிக்கெட்டை விற்கிறவரிடம் ஓட்டல் அறையையும் சேர்த்து வாங்கினால் என்ன ஆகும்? போன வருஷம் என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு இலையுதிர் கால வார இறுதியில் அறையே பதிவாகியிருக்கவில்லை. அறையை நீங்களே நேரடியாகப் போடுங்கள். பதிவு எண் கைக்கு வராமல் பணம் போகக் கூடாது.

சாதாரண நாளில் பாலத்தில் யாரும் நடக்க முடியாது. அது நெடுஞ்சாலை, நடைபாதையே இல்லை. ஒரே ஒரு விலக்கு, அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை. அன்றைக்குப் 'பிரிட்ஜ் டே'. காலை 9 முதல் மாலை 3 வரை வண்டிகளை நிறுத்திவிட்டு மக்களை நடக்க விடுவார்கள். 267 மீட்டர் உயரத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கிறவர்களையும் பார்க்கலாம். அதற்கும் டிக்கெட் இல்லை. ஆனால் கூட்டம் தேர்த் திருவிழா மாதிரி இருக்கும், வண்டியை எங்கோ விட்டுவிட்டு வர வேண்டும், பெரிய பைக்கு அனுமதி இல்லை. மூட்டுவலிக்காரரை அன்று கூட்டிப்போகவே வேண்டாம். வேறொரு வாரம் போங்கள். அக்டோபர் பாதிக்கு மேல் இலை நிறம் நன்றாகவே இருக்கும். பாலத்துக்கு அடியில் பெல்ட் மாட்டி நடக்கும் கட்டணச் சுற்றுலா ஒன்று உண்டு. அது உங்கள் அம்மாவுக்கு இல்லை.

பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கேன்யன் ரிம் பார்வையாளர் மையத்துக்குப் போங்கள். அங்கே முதல் காட்சி மேடை பக்கத்திலேயே இருக்கிறது, சக்கர நாற்காலியும் போகும். இரண்டாவது மேடைக்கு 178 படி. இறங்குவது சுலபம், அதே படியை ஏறித்தானே வர வேண்டும்? அம்மா மேலேயே இருக்கட்டும். அதிகாலையில் போய்விடாதீர்கள், பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டமாக இருக்கும். பத்து மணிக்கு மேல் கலையும். அப்போது உங்கள் அப்பா, "துருப்பிடித்துக் கிடக்கிறதே, பெயின்ட் அடிக்க மாட்டார்களா?" என்பார். அந்த எஃகே அப்படித்தான். மேல்துருவே உள்ளே அரிக்காமல் காக்கும்.

அப்புறம், ஃபயட் ஸ்டேஷன் சாலையில் காரில் மெதுவாக இறங்குங்கள். 1977-ல் பாலம் திறப்பதற்கு முன் ஊர்க்காரர்கள் முக்கால் மணி நேரம் சுற்றிய கொண்டைஊசி வளைவு அது. பெரும்பகுதி ஒருவழி. பாலத்துக்கு நேர் கீழே போகும்போது அம்மா சீட்டில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்துவிடலாம்.

ரயிலில் போகலாமா என்று கேட்காதீர்கள். இவ்வளவு பெரிய நாட்டில் அந்தப் பக்கம் வாரத்துக்கு மூன்று நாள்தான் ரயில். இறங்கினாலும் பாலம் வரை போகக் கார் வேண்டும். உங்கள் வண்டியிலேயே கிளம்புங்கள், சுமார் ஐந்து மணி நேரம்.