சாரல் காற்றும் வீட்டு அலாரமும்

கேள்வி: ஊருக்குச் செல்லும்போது கம்பியில்லாத் திருட்டு அலாரத்தை இயக்கிவிட்டுப் போகிறோம். ஆனி, ஆடியில் மட்டும் அது காரணமின்றி அலறி அக்கம்பக்கத்தாரை எழுப்பிவிடுகிறது. அணைத்தே வைத்துவிடலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: அணைத்துவிடாதீர்கள், அம்மா, கோளாறு பெரும்பாலும் கதவில்தான் இருக்கும். நிலையில் பொருத்திய சென்சாரும் கதவில் ஒட்டிய காந்தமும் விலகினால் அலாரம் ஒலிக்கும் என்பதால், செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்று, தாழ்ப்பாள் தளர்ந்த பழைய இரட்டைக் கதவை விரற்கடை அளவு தள்ளினாலே போதும், அது திறந்ததாகக் கணக்காகிவிடும். முதலில் தாழ்ப்பாளை இறுக்குங்கள். பிறகு, கதவை மூடியபின் சென்சாருக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாதபடி காந்தத்தை மாற்றி ஒட்டுங்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பொய் அலறல்கள் இதிலேயே நின்றுவிடும்.

கூடத்து அசைவு சென்சார் வெப்பம் நகர்வதை உணர்வது. வெயில் விழும் சன்னலையும் ஆடும் திரைச்சீலையையும் நோக்கி அதை வைக்கக் கூடாது. சாரல் நாட்களில் மின்தடை இயல்பு என்பதால், புறப்படுமுன் அலாரத்தின் மெயின் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, ஒரு கதவைத் திறந்து, உள்பேட்டரியிலும் அது ஒலிக்கிறதா என்று கட்டாயம் சோதியுங்கள்.