கனடிய ஓய்வூதியர்கள் குளிர்காலத்தை ஃபுளோரிடாவில் கழிக்க ஏன் இவ்வளவு செலவாகிறது? எதில் கவனம் தேவை?

முதல் காரணம் நாணய மாற்று. ஓய்வூதியம் கனடிய டாலரில் வருகிறது, வாடகையோ அமெரிக்க டாலரில். 2012இல் இரண்டும் ஏறக்குறைய சமம். மாற்று விகிதம் 1.40 என்றால், மாதம் 3,000 அமெரிக்க டாலர் வாடகைக்கு 4,200 கனடிய டாலர் போகும். நான்கு மாதத்துக்கு 4,800 டாலர் கூடுதல், வாடகையில் மட்டும்.

ஆனால் பலரைக் கவிழ்ப்பது மருத்துவக் காப்பீடுதான். ஒன்ராறியோ அரசுத் திட்டம் வெளிநாட்டு அவசர உள்நோயாளிச் சிகிச்சைக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 கனடிய டாலர்தான் தரும். அமெரிக்க மருத்துவமனையில் அது ஒரு மூலைக்கும் காணாது. அதனால் தனியார் காப்பீடு கட்டாயம் வேண்டும். வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். பாலிசியில் 'நோய் நிலையாக இருக்க வேண்டிய காலம்' என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் அது புறப்படுவதற்கு முந்தைய 90 அல்லது 180 நாள். அதற்குள் பிரஷர் மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றினால், குறைத்தாலும்கூட, பல பாலிசிகளில் அந்த நோய்க்கு இழப்பீடு கிடைக்காது. மருந்து மாறினால் புறப்படும் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நாள் கணக்கும் முக்கியம். இந்த ஆண்டு தங்கிய நாட்கள், சென்ற ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கு: கூட்டினால் 183ஐத் தொட்டால் அமெரிக்க வரித்துறை உங்களை அங்கு வசிப்பவராகக் கருதலாம். ஆண்டுக்கு 120 நாள் என்றால் 180தான், பிரச்சினையில்லை. கூட்டுத்தொகை 183ஐத் தொட்டால், நடப்பு ஆண்டில் 183 நாளுக்குக் குறைவாகத் தங்கியவர்கள், தங்களுக்குக் கனடாவோடுதான் நெருங்கிய தொடர்பு என்று காட்டும் 8840 படிவத்தை அடுத்த ஜூன் 15க்குள் அந்த வரித்துறைக்கு அனுப்ப வேண்டும்.