ஜி மதிப்பு 10.8 வருது சார்! – இந்த தடவை வந்த கேள்விங்களும் பதில்களும்

இந்த தடவை கேள்விங்க குவிஞ்சு போச்சு. பாதி பேர் சயின்ஸ் டவுட், பாதி பேர் ஸ்கூல் பொலம்பல், சில பேர் ரெண்டையும் ஒரே மெசேஜ்ல கலந்து அடிச்சிருக்காங்க. எல்லாத்துக்கும் எழுத முடியல, கைக்கு வந்ததை சொல்றேன். நடுவுல கணக்கு வந்தா போட்டு பாருங்க, என்னை நம்பி அப்படியே விட்டுடாதீங்க.

கேள்வி: சார், ஊசல் ப்ராக்டிகல்ல எனக்கு ஜி மதிப்பு, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 10.8 வந்துச்சு. சுத்தி இருந்தவங்க எல்லாரும் 9.8னு எழுதிட்டாங்க. பயந்து நானும் அழிச்சுட்டு 9.8 போட்டுட்டேன். பெரிய தப்பா?

தப்பு தான். ஆனா திட்டுற தகுதி எனக்கு இல்ல, நானும் படிக்கிற காலத்துல 9.8 வர்ற மாதிரி பின்னாடி இருந்து கணக்கு போட்டு ரீடிங் எழுதின ஆள் தான். இப்ப நெனச்சா கடுப்பா இருக்கு, ஏன்னா உங்க 10.8 சும்மா வந்த நம்பர் இல்ல, நீங்க என்ன பண்ணீங்கன்னு அதுவே போட்டு குடுத்துடுது. குண்டை விட்ட உடனே "ஒண்ணு"ன்னு எண்ண ஆரம்பிச்சிருப்பீங்க, கரெக்டா? அப்படின்னா நீங்க 20னு முடிக்கிறப்ப உண்மையில 19 அலைவு (ஒரு தடவை போய் திரும்பி வர்றது ஒரு அலைவு) தான் ஆகியிருக்கும். 19 அலைவோட நேரத்தை 20ஆல வகுத்தா ஒரு அலைவுக்கான நேரம் 5 சதவீதம் குறையும், ஃபார்முலால அந்த நேரம் ஸ்கொயர் ஆகி கீழ உக்காந்திருக்கு, அதனால ஜி கிட்டத்தட்ட 11 சதவீதம் ஏறிடும். 9.8ஐ 20/19ஓட ஸ்கொயரால பெருக்கி பாருங்க, 10.86 வரும். அவ்ளோதான் மேட்டர். அடுத்த தடவை "சைபர்"னு சொல்லிக்கிட்டே ஸ்டாப்வாட்சை அமுக்குங்க.

9.6 வந்துச்சுன்னு இன்னொருத்தர் எழுதியிருக்காரு, அவருக்கும் இங்கயே சொல்லிடறேன். நீங்க நூலை மட்டும் அளந்திருப்பீங்க, குண்டோட ஆரத்தை சேத்திருக்க மாட்டீங்க. நூல் 50 செ.மீ., ஆரம் 1 செ.மீ.னா அதுலயே 2 சதவீதம் போச்சு.

அப்புறம் ஏன் 20 அலைவு, ஒரே ஒரு அலைவை அளந்தா போதாதான்னு நெறைய பேர் கேப்பாங்க. ஸ்டாப்வாட்சை அமுக்குறதுல நம்ம கை எப்படியும் ஒரு 0.2 செகண்ட் முன்னப்பின்ன போகும். ஒரு மீட்டர் ஊசலுக்கு ஒரு அலைவே 2 செகண்ட் தான், அதுல 0.2னா 10 சதவீதம் காலி. 20 அலைவு 40 செகண்ட், அதே 0.2 இப்ப அரை சதவீதம். குண்டை ரொம்ப தூரம் இழுத்து விடாதீங்கன்னு சொல்றாங்களே, அதுவும் இதே மாதிரி தான், 10 டிகிரில வர்ற பிழை 0.2 சதவீதம் கூட தேறாது, 30 டிகிரிக்கு இழுத்தா ஒண்ணே முக்கால் கிட்ட போயிடும். இதுல எல்லாத்தையும் விட உங்க எண்ணுற தப்பு தான் பெருசு, பாத்தீங்களா.

இன்னொண்ணு. மில்லிகன்னு ஒரு இயற்பியலாளர் எண்ணெய்த் துளி வச்சு எலக்ட்ரானோட மின்னூட்டத்தை அளந்தாரு, அதுக்கு 1923ல நோபல் பரிசும் வாங்கினாரு. ஆனா காத்தோட பாகுநிலைக்கு (துளி நகர்றதை காத்து எவ்ளோ தடுக்குதுங்கறதுக்கு) அவர் எடுத்த மதிப்பு கொஞ்சம் தப்பு, அதனால விடை 0.6 சதவீதம் மாதிரி கம்மியா வந்துடுச்சு. அந்த பிழையை பின்னாடி வந்தவங்க தான் கண்டுபிடிச்சாங்க. அவங்களும் "மில்லிகன் சொன்னா சரியா தான் இருக்கும்"னு அழிச்சு எழுதியிருந்தா இன்னிக்கும் அந்த தப்பு நம்ம புஸ்தகத்துல இருந்திருக்கும். ரெக்கார்டு நோட்டுல 10.8னே எழுதி, கீழ எண்ணினதுல என்ன ஆச்சுன்னு ரெண்டு வரி எழுதுங்க. மார்க் போடறவங்க நல்லவங்களா இருந்தா அந்த ரெண்டு வரிக்கே குடுப்பாங்க. இல்லன்னா ஒரு மார்க் போகும், போகட்டும்.

கேள்வி: ஒரே ரூம்ல தான் இருக்கு, ஆனா இரும்பு நாற்காலி சில்லுனு இருக்கு, மர நாற்காலி அப்படி இல்ல. ஏன்?

ரெண்டும் ஒரே வெப்பநிலை தான், தெர்மாமீட்டர் வச்சா தெரிஞ்சிடும். நம்ம தோல் தெர்மாமீட்டர் இல்லைங்கறது தான் விஷயம், அது வெப்பநிலையை அளக்கல, சூடு எவ்ளோ வேகமா கைய விட்டு ஓடுதுன்னு அளக்குது. இரும்பு மரத்தை விட நூறு மடங்குக்கு மேல நல்லா வெப்பத்தை கடத்தும். நம்பலன்னா ரெண்டு ஐஸ் கட்டி எடுத்து ஒண்ணை இரும்புத் தட்டுலயும் இன்னொண்ணை மரப்பலகையிலயும் வைங்க. "சில்லுனு" இருந்த இரும்பு மேல இருக்கறது தான் முதல்ல உருகும்.

கேள்வி: நான் க்ளாஸ்ல கேள்வி கேட்டாலே எல்லாரும் சிரிக்கிறாங்க சார். டீச்சரும் சில சமயம் "முதல்ல பாடத்தை படி"னு உக்கார வச்சிடறாங்க. இப்பல்லாம் கேக்கறதையே விட்டுட்டேன்.

இந்த மெசேஜை ரெண்டு தடவை படிச்சேன். ஒரு கதை சொல்றேன், நடந்தது தான். 1963, இன்னிக்கு டான்சானியான்னு சொல்ற நாடு, எராஸ்டோ எம்பெம்பான்னு ஒரு ஸ்கூல் பையன். ஸ்கூல்ல பசங்க ஐஸ்க்ரீம் செய்வாங்க, பாலை சக்கரை போட்டு காய்ச்சி, ஆற வச்சு, அப்புறம் ஃப்ரீசர்ல வைக்கணும். ஃப்ரீசர்ல இடம் போயிடுமோன்னு பயந்து இவன் ஆற வைக்காம கொதிக்க கொதிக்க உள்ள தள்ளிட்டான். ஒன்றரை மணி நேரம் கழிச்சு பாத்தா இவனோடது உறைஞ்சிருக்கு, காய்ச்சாத பாலை வச்ச ஃப்ரெண்டோடது இன்னும் கொழகொழன்னு இருக்கு. சூடா வச்சது எப்படி முந்துச்சுன்னு டீச்சர்ட்ட கேட்டான், "நீ குழம்பிட்ட"ன்னாங்க. அப்புறம் மேல் வகுப்புக்கு போய் வேற டீச்சர்ட்ட கேட்டான், அவரு அது எம்பெம்பாவோட இயற்பியல், உலகத்தோட இயற்பியல் இல்லன்னுட்டாரு. அதுக்கப்புறம் கணக்குல எவன் தப்பு பண்ணாலும் "எம்பெம்பா கணக்கு"ன்னு க்ளாஸே கிண்டல் பண்ணுச்சாம்.

அவன் விடல, அதான் எனக்கு பிடிச்ச இடம். டெனிஸ் ஆஸ்போர்ன்னு ஒரு இயற்பியல் பேராசிரியர் அந்த ஸ்கூலுக்கு பேச வந்தப்ப எல்லார் முன்னாடியும் எழுந்து அதே கேள்விய கேட்டான், மறுபடியும் சிரிப்பு. ஆஸ்போர்ன் சிரிக்கல, பல்கலைக்கழகத்துக்கு திரும்பி போய் அங்க இருந்த டெக்னீஷியன்கிட்ட செஞ்சு பாக்க சொன்னாரு. 1969ல ரெண்டு பேரும் சேந்து கட்டுரை போட்டாங்க, இன்னிக்கு அதுக்கு பேரே எம்பெம்பா விளைவு.

இதுல உங்களுக்கு சொல்ல வேண்டிய இன்னொரு பகுதி இருக்கு, வழக்கமா இந்த கதைய சொல்றவங்க இதை சொல்ல மாட்டாங்க. அந்த விளைவு உண்மையிலயே இருக்கான்னு இன்னும் சண்டை நடக்குது. 2016ல ஒரு குழு ரொம்ப கவனமா அளந்து பாத்துட்டு, அப்படி ஒண்ணும் தெரியல, தெர்மாமீட்டரை ஒரு செ.மீ. மேலயோ கீழயோ வச்சாலே முடிவு மாறிடுதுன்னு எழுதினாங்க. சரி, அப்ப எம்பெம்பா கேட்டது வீணா? இல்லையே, அம்பது வருஷத்துக்கு மேல ஆளுங்களை வேலை வாங்கின கேள்வி அது. அதனால கேள்விய விடாதீங்க. க்ளாஸ்ல கேக்க கூச்சமா இருந்தா க்ளாஸ் முடிஞ்சு டீச்சர் வெளிய போறப்ப கேளுங்க, 40 பேரை வச்சு பாடத்தை முடிக்கணும்ங்கற அவசரத்துல "உக்காரு"ன்னு சொல்ற ஆளு தனியா கேட்டா வேற மாதிரி பேசுவாங்க, இது எனக்கு அனுபவத்துல தெரியும், நானும் அந்த அவசரத்துல நாலு பேரை உக்கார வச்சவன் தான்.

கேள்வி: தண்ணில ரொம்ப நேரம் இருந்தா விரல் சுருங்குதே, தோல் தண்ணிய உறிஞ்சி உப்புறதாலயா? எங்க புக்குல ஆஸ்மோசிஸ்னு படிச்சேன்.

அப்படித் தான் நானும் ரொம்ப நாள் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆனா விரலுக்கு போற நரம்பு அறுந்துட்டா அந்த விரல் தண்ணில சுருங்காது, இதை 1930கள்லயே கவனிச்சுட்டாங்க. வெறும் ஆஸ்மோசிஸ்னா நரம்பு இருந்தா என்ன இல்லன்னா என்ன? நடக்கறது என்னன்னா, தண்ணில கொஞ்ச நேரம் இருந்த உடனே நரம்பு சொல்லி விரல் நுனில ரத்தக் குழாய்ங்க சுருங்குது, உள்ள சதை கொஞ்சம் இளைக்குது, மேல தோல் அதே அளவு தான் இருக்கு, அதனால மடிப்பு விழுது. வெதுவெதுப்பான தண்ணின்னா அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சிடும். எதுக்குன்னு கேட்டா, ஈரமான பொருளை வழுக்காம பிடிக்கன்னு 2013ல ஒரு சோதனை காட்டுச்சு, அடுத்த வருஷமே வேற குழு செஞ்சு பாத்து வித்தியாசம் ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. கோலிகுண்டும் ஒரு கிண்ணம் தண்ணியும் இருந்தா நீங்களே செஞ்சு பாக்கலாம், அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை மாடல் செய்யறதை விட இது எவ்ளவோ மேல்.

கேள்வி: ஒரு பாடத்தை நாலு தடவை படிக்கிறேன், அப்ப நல்லா புரியுது, ஒரு வாரம் கழிச்சு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. மூளை கம்மியா எனக்கு?

மூளை நல்லா தான் இருக்கு, படிக்கிற முறை தான் ஏமாத்துது. 2006ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு பேர் காலேஜ் பசங்களை வச்சு சோதிச்சாங்க. ஒரு குழு ஒரு பத்திய நாலு ரவுண்டு படிச்சாங்க. இன்னொரு குழு ஒரு ரவுண்டு படிச்சுட்டு, புக்கை மூடி ஞாபகம் இருக்கறதை மூணு ரவுண்டு எழுதினாங்க. அஞ்சு நிமிஷத்துல டெஸ்ட் வச்சா நாலு ரவுண்டு படிச்சவங்க தான் ஜெயிச்சாங்க, 83க்கு 71. ஒரு வாரம் கழிச்சு வச்சா அப்படியே தலைகீழ், படிச்சவங்களுக்கு 40 சதவீதம், எழுதினவங்களுக்கு 61. "அப்ப நல்லா புரியுது"ன்னு நீங்க சொல்றது அந்த அஞ்சு நிமிஷ ஜெயிப்பு. புக்கை மூடிட்டு வெள்ளை பேப்பர்ல எழுதுங்க, முதல்ல கேவலமா தான் வரும், அந்த கேவலமா வர்ற நேரம் தான் வேலை நடக்குது. ஹைலைட்டரை கொஞ்ச நாள் ஒளிச்சு வைங்க.

கேள்வி: கண்ணாடி இடது வலதை மாத்துது, மேல கீழ மட்டும் ஏன் மாத்தல?

ரெண்டையும் மாத்தல. வலது கைய வலப்பக்கம் நீட்டுங்க, பிம்பமும் அதே பக்கம் தான் நீட்டும். மேல காட்டுங்க, அதுவும் மேல. இப்ப கண்ணாடிய பாத்து நேரா விரலை நீட்டுங்க, பிம்பம் உங்கள பாத்து நீட்டுது. மாறுறது முன்-பின் மட்டும் தான். அப்ப பேப்பர்ல எழுதினது ஏன் திரும்பி தெரியுதுன்னா, கண்ணாடிக்கு காட்டறதுக்காக பேப்பரை திருப்பினதே நீங்க தான். பின்னாடி தெரியற ட்ரான்ஸ்பரன்ட் ஷீட்ல எழுதி, திருப்பாம அப்படியே பிடிச்சு பாருங்க, கண்ணாடிலயும் நேரா தான் இருக்கும்.

கேள்வி: சயின்டிஸ்ட் ஆகணும்னு ஆசை, ஆனா கணக்கு வராது. முடியுமா?

ஃபாரடே 14 வயசுல புக் பைண்டிங் கடைல வேலைக்கு சேந்தவரு, கணக்கு பெருசா தெரியாது, ஆனா 1831ல மின்காந்தத் தூண்டலை (காந்தத்தை அசைச்சா கம்பிச்சுருள்ல மின்சாரம் வர்றதை) கண்டுபிடிச்சாரு. அவர் கோடு கோடா வரைஞ்சு யோசிச்சதை பின்னாடி மேக்ஸ்வெல் சமன்பாடா எழுதினாரு. இதை சொல்லி உங்களுக்கு ஆறுதல் குடுக்கலாம், ஆனா அது 1831, இப்ப கணக்கை சுத்தமா ஒதுக்கிட்டு போக முடியாது, பயாலஜி பக்கம் போனாலும் புள்ளியியல் வந்து நிக்கும். ஆனா கணக்கு வராதுன்னு எங்கிட்ட வர்றவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு ஓட்டை இருக்கறது பின்னத்துலயும் விகிதத்துலயும் தான், அதாவது மூணு நாலு க்ளாஸ் கீழ. அந்த பழைய புக்கை எடுத்து வெக்கப்படாம போடுங்க. மேல சொன்ன 20/19 கணக்கு புரிஞ்சதுன்னா உங்களுக்கு வரும்.

கேள்வி: நிலா உதிக்கிறப்ப ஏன் அவ்ளோ பெருசு?

பெருசே இல்ல, கண் ஏமாறுது. கைய முழுசா நீட்டி சுண்டு விரலை வச்சு மறைங்க, நிலா அரை டிகிரி தான், விரல் சுமார் ஒரு டிகிரி, ஈஸியா மறைஞ்சிடும். அஞ்சு மணி நேரம் கழிச்சு மேல வந்தப்புறம் மறுபடியும் மறைச்சு பாருங்க, அதே தான். காத்து லென்ஸ் மாதிரி பெருசு பண்ணுதுன்னு சொல்லுவாங்க, அது தப்பு, காத்து பண்றது நிலாவை மேலயும் கீழயும் லேசா அமுக்கி சப்பையாக்கறது. மூளை ஏன் அப்படி ஏமாறுதுங்கறதுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே பதில் இன்னும் இல்ல. வேடிக்கை என்னன்னா, தலைக்கு மேல நிலா இருக்கறப்ப நாம பூமியோட ஆரம் அளவு, அதாவது கிட்டத்தட்ட 6,400 கிலோமீட்டர் அதுக்கு பக்கத்துல இருக்கோம். 3,84,000 கிலோமீட்டர்ல அது ஒன்றரை சதவீதத்துக்கு கொஞ்சம் மேல, அதனால கீழ இருக்கற "பெரிய" நிலா உண்மையில அந்த அளவுக்கு சின்னது. சுண்டு விரல்ல இது தெரியாது, ஃபோன்ல எடுத்தா ஜூமை ரெண்டு தடவையும் ஒரே அளவுல வச்சு எடுங்க.