கிரியேட்டினின் கூடிய அப்பாவுக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை தொடரலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. 14 வருடமாகச் சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு. மெட்ஃபார்மின் 1000 மி.கி. காலையும் இரவும் போடுகிறார். மூன்று மாதம் முன்பு பார்த்ததில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.8, ஹீமோகுளோபின் 10.2. ‘ஃபோலிக் ஆசிட் போட்டால் சிறுநீரகம் கெடாது, சீனாவில் ஆய்வு செய்திருக்கிறார்கள்’ என்று சித்தப்பா சொன்னதால், மருந்துக் கடையில் 5 மி.கி. மாத்திரை வாங்கித் தினமும் கொடுக்கிறோம். இப்போது ஹீமோகுளோபின் 11.4 ஆகிவிட்டது. கிரியேட்டினின் மட்டும் அப்படியே இருக்கிறது. பாதம் மரத்துப் போகிறது என்கிறார், அது சர்க்கரையால் வருவதுதானே என்று விட்டுவிட்டோம். முட்டிவலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபெனாக் போடுவார். நாங்கள் சைவம். மாத்திரையைத் தொடரலாமா? முருங்கைக்கீரை கொடுக்கலாமா? இரண்டு ரத்த அறிக்கைகளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: இப்போதைக்கு அந்த 5 மி.கி. மாத்திரையை நிறுத்துங்கள். திடீரென்று நிறுத்துவதால் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. இந்த வாரமே ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஹீமோகுளோபின் ஏறியதில் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். எனக்கு அந்த ஏற்றம்தான் கவலையாக இருக்கிறது. நீங்கள் அனுப்பிய முதல் அறிக்கையில் எம்சிவி என்ற வரியைப் பாருங்கள், 106 என்று இருக்கிறது. சிவப்பணுவின் அளவைச் சொல்லும் கணக்கு அது. சாதாரணமாக 80 முதல் 100 வரை இருக்கும். சிறுநீரகம் பலவீனமாவதால் வரும் ரத்தசோகையில் அணுக்கள் பெரும்பாலும் சரியான அளவிலேயே இருக்கும், எண்ணிக்கைதான் குறையும். அப்பாவுக்கு அணுக்கள் பெருத்திருந்தன. அணு பெருப்பதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு: ஃபோலேட் என்ற வைட்டமின் (ஃபோலிக் ஆசிட் அதன் மாத்திரை வடிவம்) குறைவு, பி12 குறைவு. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் போடுபவர்களுக்குக் குடலில் பி12 ஏறுவது குறையும். சைவ உணவில் பால், தயிரைத் தவிர பி12 கிடைக்க அதிக வழியில்லை. பாதமும் மரத்துப்போகிறது. இத்தனையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்போது பி12-ஐப் பார்க்காமல் விடவே கூடாது.

பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் ஆசிட்டை மட்டும் நிறையக் கொடுத்தால் ரத்தம் ஏறும், அணுவின் அளவும் சரியாகும். நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும். ஏனென்றால் நரம்பின் மேலுறையைக் காப்பதற்கு பி12-தான் வேண்டும், அந்த வேலையை ஃபோலிக் ஆசிட் செய்யாது. 1940-களில் ஃபோலிக் ஆசிட் புதிதாக வந்தபோது இது கண்ணெதிரே நடந்தது. பி12 உடலில் சேராத நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார்கள், ரத்தம் தேறியது, ஆனால் சிலருக்கு நடையே தள்ளாடத் தொடங்கியது. அப்பாவின் இரண்டாவது அறிக்கையில் எம்சிவி 98-க்கு இறங்கியிருக்கிறது. புதிதாகப் பார்க்கும் டாக்டர் அதை மட்டும் பார்த்தால் பி12 பற்றி யோசிக்காமலே போய்விடலாம். அதனால் பழைய அறிக்கையைக் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். வாசலில் ஒரு செருப்புடன் நின்றார். மற்றொன்று வழியிலேயே கழன்றுபோயிருக்கிறது, அவருக்கு அது தெரியவே இல்லை. அதிரும் இசைக்கவையைக் கால் கட்டைவிரலில் வைத்து, “ஐயா, அதிர்வு தெரிகிறதா?” என்று கேட்டேன். “சில்லென்று இருக்கிறது” என்றார். குளிர்ச்சி தெரிகிறது, அதிர்வு தெரியவில்லை. அவரும் சர்க்கரைக்காரர், அவரும் ‘சர்க்கரையால்தான்’ என்று இரண்டு வருடம் விட்டிருந்தார். பி12 மிகவும் குறைந்திருந்தது. ஊசி போட்டதில் ஓரளவு தேறினார், முழுதாகத் திரும்பவில்லை. உங்கள் அப்பாவின் மரத்துப்போதலும் சர்க்கரையால் இருக்கலாம், பி12-ஆல் இருக்கலாம், இரண்டாலும் இருக்கலாம். ஆனால் பி12 குறைவைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்ய முடியும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

சரி, சித்தப்பா சொன்ன ஆய்வுக்கு வருவோம். அவர் சொன்னது பொய்யில்லை. சீனாவில் பிபி உள்ளவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு எனலாப்ரில் என்ற பிபி மாத்திரை மட்டும், மற்றதற்கு அதோடு 0.8 மி.கி. ஃபோலிக் ஆசிட்டும் கொடுத்தார்கள். சிறுநீரகத்தைக் கவனித்த பகுதியில் 15,000-க்குச் சற்று அதிகமானவர்கள் இருந்தார்கள். முடிவு 2016-ல் வந்தது. நாலரை வருட அளவில், ஃபோலிக் ஆசிட் சேர்த்தவர்களில் சிறுநீரகம் மோசமாவது 21 சதவீதம் குறைவாக இருந்தது. ஏற்கெனவே சிறுநீரகப் பாதிப்பு இருந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். நல்ல முடிவுதான். ஆனால் அங்கே உணவில் ஃபோலிக் ஆசிட் சேர்க்கும் வழக்கம் இல்லை. கொடுத்ததும் 0.8 மி.கி. தான். அப்பா போடுவது அதைப்போல ஆறு மடங்கு. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். அதோடு பார்த்தால் பத்து மடங்கு.

அளவு கூடினால் பலனும் கூடும் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்த 238 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. 2.5 மி.கி. ஃபோலிக் ஆசிட், பி6, பி12 மூன்றையும் சேர்த்து அதிக அளவில் கொடுத்தார்கள். வைட்டமின் எடுத்தவர்களுக்குத்தான் சிறுநீரகம் வேகமாகக் குறைந்தது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் கூடின. அமெரிக்காவில் சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கும் டயாலிசிஸில் இருந்தவர்களுக்கும் தினமும் 40 மி.கி. ஃபோலிக் ஆசிட்டை பி6, பி12-உடன் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் குறைந்தது, இறப்பு குறையவில்லை. ரத்தக்குழாயைக் கெடுக்கும் என்று சந்தேகிக்கப்படும் ஹோமோசிஸ்டீன் சிறுநீரகம் குறையக் குறைய ரத்தத்தில் ஏறும். அதை இறக்கினால் எல்லாம் சரியாகும் என்ற எதிர்பார்ப்பில்தான் இந்த ஆய்வுகள் எல்லாம் நடந்தன. உங்கள் அப்பா சீன ஆய்வில் இருந்தவர்களைவிடக் கனடா ஆய்வில் இருந்தவர்களைப் போலவே இருக்கிறார்.

பி12 குறைவாக இருந்தால் முதலில் அதை நிரப்ப வேண்டும். சிறுநீரகம் குறைந்தவர்களுக்கு நான் சயனோகோபாலமின் என்ற பி12 வகையைத் தவிர்த்து, மெத்தில்கோபாலமின் அல்லது ஹைட்ராக்சோகோபாலமின் தருவேன். அப்புறம் ஃபோலேட்டும் குறைவு என்று தெரிந்தால் உங்கள் டாக்டரே அளவு சொல்லிக் கொடுப்பார்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. மெத்தோட்ரெக்சேட் போடுபவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸில் இருப்பவர்கள் ஆகியோருக்கு டாக்டர் ஃபோலிக் ஆசிட் எழுதியிருந்தால், இந்தப் பதிலைப் பார்த்து நிறுத்தவே கூடாது. வலிப்புக்கு ஃபெனிடாயின் போடுபவர்கள் இதைத் தாங்களாகத் தொடங்கவும் கூடாது, ஃபெனிடாயினின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும்.

கிரியேட்டினின் 1.8, வயது 61 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 42 மி.லி. அளவில் இருக்கும். இந்த அளவில் மெட்ஃபார்மின் ஒரு நாளுக்கு 2000 மி.கி. அதிகம். பொதுவாகப் பாதியாகக் குறைப்போம். நீங்களே குறைக்காமல், இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு போகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் எந்த பிபி மாத்திரை பொருந்தும், டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்தைச் சேர்க்கலாமா என்று முடிவு செய்ய முடியும். இந்த மருந்து சிறுநீரகம் கெடுவதைத் தாமதப்படுத்துகிறது என்பதற்கு ஃபோலிக் ஆசிட்டைவிடப் பல மடங்கு உறுதியான சான்று இருக்கிறது. இப்போது விலையும் குறைந்துவிட்டது.

டைக்ளோஃபெனாக்கை இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள். இந்த நிலையில் இருக்கும் சிறுநீரகத்துக்கு நீங்கள் வாங்கிய ஃபோலிக் ஆசிட்டைவிட இந்த வலி மாத்திரை பெரிய ஆபத்து. அளவோடு பாராசிட்டமால், ஒத்தடம், முட்டிக்கான உடற்பயிற்சி இவற்றால் சமாளிக்கலாம்.

முருங்கைக்கீரை கொடுக்கலாம், ஆனால் கீரையில் உள்ள பொட்டாசியம் சிறுநீரகம் குறைந்தவர்களின் ரத்தத்தில் தேங்கலாம் என்பதால், ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துவிட்டு. ஃபோலேட் என்ற பெயரே இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான், 1941-ல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தபோது வைத்த பெயர். பொட்டாசியம் 5-க்குக் கீழே இருந்தால் வாரம் இரண்டு நாள் ஒரு கரண்டி பொரியல் போதும். கூடியிருந்தால் கீரையை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஃபோலேட்டும் கொஞ்சம் அதோடு போய்விடும், பருப்பிலும் தட்டைப்பயறிலும் அளவோடு கிடைப்பது போதும்.

டாக்டரிடம் போகும்போது அப்பா போடும் மாத்திரைகளின் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். முட்டிவலி மாத்திரையையும் மறக்காமல் வையுங்கள். அறைக்குள் போனதும் அவர் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.