மனச்சிதைவு எந்த மரபணுவால் வருகிறது?

மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா, மூளை சார்ந்த நோய். இல்லாத குரல்கள் கேட்கும். ஆதாரமற்ற சந்தேகங்கள் மனதில் வேரூன்றிவிடும். இதற்கு ‘காரணமான மரபணு’ என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. 2014-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, மனித மரபுத்தொகுதியில், அதாவது நம் மொத்த மரபுத் தகவலில், 108 இடங்களுக்கு இந்நோயோடு தொடர்பு இருப்பதைக் காட்டியது. 2022-இல் அந்த எண்ணிக்கை 287 ஆனது. ஊர் கூடித் தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தில் ஒருவர் மட்டும் கை வைத்தால் தேர் அசையாது. இந்த மரபணு வேறுபாடுகளில் பெரும்பாலானவையும் அப்படித்தான், ஒவ்வொன்றின் இழுப்பும் மிகச் சிறியது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2016-இல் சி4 என்ற மரபணு பற்றி வந்த ஆய்வு. வளரும் பருவத்தில் மூளை தனக்கு வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கழித்துவிடும். அந்த வேலையில் சி4-க்குப் பங்கு உண்டு. அது அளவுக்கு மீறினால், களையோடு பயிரையும் பிடுங்கியதுபோல் தேவையான இணைப்புகளும் போய்விடலாம். நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

‘அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வரும்’ என்று சொல்லிக் கல்யாணப் பேச்சையே முறித்துவிடுகிறார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்நோய் வருவதில்லை.