சின்ன சர்வருக்கு எந்த கிளவுட் திட்டம்?

கேள்வி: கோ மொழியில் ஒரு சிறிய வெப் சர்வர் எழுதியிருக்கிறேன். பக்கங்கள், படங்கள் எல்லாம் உள்ளடங்கிய ஒரே பைல். பத்து எம்பிகூட வராது. வாசகர்கள் எழுதும் குறிப்புகள் மட்டும் பக்கத்திலேயே ஒரு எஸ்கியூலைட் பைலில் (ஒரே பைலில் அடங்கும் சின்ன டேட்டாபேஸ்) சேரும். இதை கிளவுடில் ஏற்ற இலவசத் திட்டம் போதுமா, பணம் கட்ட வேண்டுமா?

பதில்: சர்வர் ஓடுவதற்கு இலவசத் திட்டமே தாராளம். குறிப்புகளைக் காப்பாற்றத்தான் அது போதாது. நீங்கள் பணம் கொடுக்க வேண்டியது டிஸ்க்குக்கு.

பல தளங்களில் சர்வர் எழுதும் பைல்கள் தற்காலிகமானவை. ரெண்டர் என்ற கிளவுட் தளத்தின் இலவச சேவை 15 நிமிடம் யாரும் வராவிட்டால் தூங்கிவிடும். எழுந்திருக்கும்போது பழைய பைல்கள் இருக்காது. நிலையான டிஸ்க்கும் அந்தத் திட்டத்தில் கிடையாது. கூகுளின் கிளவுட் ரன்னில் எழுதுவது நினைவகத்தில்தான் போய் உட்காரும், அதுவும் ரேம் கணக்கில் சேரும். சோதித்துப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக வேலை செய்வதால் இது யாருக்கும் தெரிவதில்லை. பிறர் நம்பி எழுதியதை இப்படி இழக்கக் கூடாது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, மாதக் கட்டணம் நிலையாக உள்ள மிகச் சிறிய விபிஎஸ், அதாவது வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர். டிஸ்க் உங்களுடையது, பில் எவ்வளவு வரும் என்பதும் முன்பே தெரியும். லினக்ஸ் அப்டேட்களை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், அது ஒரு வேலைதான். அதற்கு நேரமில்லை என்றால் ஃப்ளை டாட் ஐஓ மாதிரி வால்யூம் (நிலையான டிஸ்க்) தரும் தளம் எடுங்கள். ஆனால் அங்கே ஒரு வால்யூம் ஒரே வன்பொருளில்தான் இருக்கும். அது பழுதானால் என்ன செய்வது? எங்கே வாங்கினாலும் பேக்கப் தனியாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் பைலை அப்படியே காப்பி எடுக்காதீர்கள், பாதியில் எழுதிய நிலையில் சிக்கலாம். அதன் பேக்கப் கட்டளையையே பயன்படுத்துங்கள்.

பயன்படுத்திய அளவுக்கு பில் போடும் திட்டம் என்றால், வெளியே போகும் டேட்டாவுக்கு என்ன விலை என்று முதலில் பாருங்கள். பட்ஜெட் அலர்ட் வைத்தால் செலவு அங்கே நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கூகுள் கிளவுடில் அது மின்னஞ்சல் அனுப்பும், சேவையை நிறுத்தாது. அதனால் அதிகபட்ச இன்ஸ்டன்ஸ் எண்ணிக்கையை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் சர்வர் பிரதிகளை, குறைத்து வையுங்கள். அமேசானில் 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் (இணையத்தில் சர்வரை அடையும் எண்) மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறார்கள். சின்ன சர்வருக்கு அதுவே பில்லில் பெரிய பங்காகிவிடும்.

இலவசம் என்பதை நிரந்தரமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹெரோக்கு என்ற கிளவுட் தளம் 2022 நவம்பரில் தன் இலவசத் திட்டத்தை மூடியது. உங்களிடம் இருப்பது ஒற்றை பைல் என்பதால் இடம் மாறுவது எளிது, அந்தச் சுதந்திரத்தை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், ஏற்றும்போது சர்வர் லோக்கல்ஹோஸ்ட்டில் (அதே கணினிக்குள்) மட்டும் காது கொடுத்தால் வெளியிலிருந்து யாரும் வர முடியாது, 0.0.0.0 என்று வையுங்கள். கிளவுட் ரன், ரெண்டர், ஹெரோக்கு போன்றவற்றில் போர்ட் எண்ணை PORT என்ற சூழல் மாறியிலிருந்து (தளம் சர்வருக்குத் தரும் அமைப்பு மதிப்பு) படிக்க வேண்டும். உங்கள் எஸ்கியூலைட் டிரைவருக்கு சி கம்பைலர் தேவையா என்றும் பாருங்கள். தேவைப்படும் டிரைவரை சிகோ (கோவில் சி குறியீட்டை இணைக்கும் வசதி) இல்லாமல் பில்ட் செய்தால், பில்ட் வெற்றி என்று காட்டிவிட்டு ஓடும்போது டேட்டாபேஸ் திறக்காமல் போகலாம்.