பிரேக்கை மிதித்தால் இன்டிகேட்டரும் மங்கலாக எரிவது

பிரேக்கை மிதிக்கும்போது இடப்பக்கப் பின்விளக்கில் பிரேக் மங்கி, கூடவே இன்டிகேட்டரும் மெலிதாக ஒளிர்கிறது, ஃபியூஸை மாற்றியும் சரியாகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு ஃபியூஸ் காரணமன்று. அவ்விளக்கின் எர்த் இணைப்பு, அதாவது மின்னோட்டம் வண்டியின் உலோகப் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, கெட்டிருக்கவே வாய்ப்பு மிகுதி. அவ்விளக்குக்குள் உள்ள பல்புகள் எல்லாவற்றுக்கும் எர்த் கம்பி ஒன்றுதான். அது அறுந்தால், பிரேக் பல்பைக் கடந்த மின்னோட்டம் பாடிக்குத் திரும்ப வழியின்றி, இன்டிகேட்டர் இழைக்குள் பின்னோக்கிப் பாய்ந்து, முன்பக்க இன்டிகேட்டர் வழியாக எர்த்தை அடைகிறது.

கடலூர் முதுநகரில் வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துவதாக எழுதியுள்ளீர்கள். உப்புக்காற்றில், எர்த் கம்பியைப் பாடியில் பிணைக்கும் போல்ட்டின் அடியில் பச்சைநிறத் தூள் படிவதைத் தேவனாம்பட்டினத்து வண்டிகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். மேலே பார்த்தால் போல்ட் இறுக்கமாகவே தெரியும்.

1. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை விளக்கின் எர்த் இணைப்பு ஊசியிலும், மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தே குற்றவாளி.

2. போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் முறுக்கிய பின் கிரீஸ் பூசுங்கள்.

மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் எர்த்தைத் தொடாதீர்கள். இரட்டை இழையுள்ள 21/5 வாட் (பிரேக்குக்கு 21, பின்விளக்குக்கு 5) பல்புக்குப் பதிலாக ஒற்றை இழைப் பல்பை யாரேனும் மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.